பணம் வந்து சேரும் மாதம்

2021 பிப்ரவரி 1. கொரோனாவின் முதல் அலை ஓய்ந்து, இரண்டாவது அலை இன்னும் எழாத நேரம். அன்று நாடாளுமன்றத்தில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வாசித்த நிதிநிலை அறிக்கையில், உடல்நலத்துக்கும் நல்வாழ்வுக்கும் 2,23,846 கோடி ரூபாய் என்று ஒரு தொகை வந்தது. முந்தைய ஆண்டைவிட 137 விழுக்காடு அதிகம் என்றும் சொல்லப்பட்டது. ஓராண்டு பட்ட பாட்டுக்குப் பிறகு இந்த நாட்டுக்குக் கண் திறந்துவிட்டது என்று நானும் மனதார நம்பினேன். அந்த நம்பிக்கையோடுதான் ஒதுக்கீட்டு அட்டவணையை எடுத்து வைத்து வரிவரியாகக் கூட்டிப் பார்த்தேன்.

சுகாதாரம், குடும்ப நலத் துறைக்கு 71,269 கோடி. மருத்துவ ஆராய்ச்சிக்கு 2,663 கோடி. ஆயுஷ் அமைச்சகத்துக்கு 2,970 கோடி. கொரோனா தடுப்பூசிக்கு 35,000 கோடி. குடிநீர், துப்புரவுத் துறைக்கு 60,030 கோடி. ஊட்டச்சத்துக்கு 2,700 கோடி. நிதிக்குழு மானியமாகக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் 36,022 கோடி, சுகாதாரத்துக்கு 13,192 கோடி. இத்தனையும் சேர்ந்தால்தான் அந்த 2,23,846 வருகிறது. நல்ல தண்ணீரும் கழிப்பறையும் இல்லாமல் உடல்நலம் இல்லை; அவற்றைச் சேர்த்துச் சொன்னதில் எனக்குக் குறையில்லை. ஆனால் மருத்துவர், செவிலியர், மருந்து, படுக்கை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் துறைக்கு முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீடு 78,866 கோடி. புதிய ஆண்டுக்கு ஒதுக்கியது 71,269 கோடி. 137 விழுக்காடு உயர்வு என்று அறிவித்த அதே அறிக்கையில் ஆஸ்பத்திரிப் பக்கம் குறைந்திருந்தது.

அன்றிலிருந்து நிதிநிலை அறிக்கையின் பெரிய எண்ணை நான் தனியாகப் பார்ப்பதில்லை. ஏழைகள் மிகுந்த ஒரு நாட்டில் பொது சுகாதாரத்துக்குப் போதிய பணம் ஒதுக்கப்படவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த உண்மை. அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது, அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: ஒதுக்கிய பணம் எந்த மாதத்தில், எந்த வழியாக, யார் கைக்கு வந்து சேர்கிறது என்பது. இந்த இரண்டாவது கேள்வியைக் கவனிக்காமல் முதல் கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால், விடை கிடைத்தாலும் நோயாளிக்கு மாத்திரை கிடைக்காது என்பது என் எண்ணம்.

முதலில் வாக்குறுதிகளைப் பார்த்துவிடலாம். 1943-இல் சர் ஜோசப் போர் தலைமையில் அமைக்கப்பட்ட சுகாதாரக் குழு 1946-இல் அறிக்கை தந்தது. அந்தக் குழுவில் நம்மூர் ஆற்காடு லட்சுமணசாமி முதலியாரும் உறுப்பினர். காசு கொடுக்க இயலவில்லை என்பதற்காக எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்பதை அடிப்படையாக வைத்து, நாற்பதாயிரம் பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று அது தொடங்கியது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் சுகாதாரத்துக்குத் திட்டச் செலவில் 3.3 விழுக்காடு கிடைத்தது. பிற்பாடு வந்த திட்டங்களில் அந்தப் பங்கு 2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

2002-இன் தேசிய சுகாதாரக் கொள்கை, அரசின் சுகாதாரச் செலவு 2010-க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 விழுக்காட்டை எட்டும் என்றது. 2004-இல் ஆட்சிக்கு வந்த கூட்டணியின் குறைந்தபட்சப் பொதுத் திட்டம் 2 முதல் 3 விழுக்காடு என்றது. 2011-இல் ஸ்ரீநாத் ரெட்டி தலைமையிலான உயர்நிலைக் குழு, பன்னிரண்டாவது திட்ட முடிவுக்குள் 2.5, 2022-க்குள் 3 என்று பரிந்துரைத்தது. 2017-இன் கொள்கை மறுபடி 2.5 என்றது, கெடு 2025. என்.கே. சிங் தலைமையிலான பதினைந்தாவது நிதிக்குழுவும் அதே 2.5-ஐ வழிமொழிந்தது. இருபது ஆண்டுகளில் இலக்கு அரை விழுக்காடு நகர்ந்தது, கெடு பதினைந்து ஆண்டு நகர்ந்தது.

உண்மையில் ஆன செலவைத் தேசிய சுகாதாரக் கணக்குகள் சொல்கின்றன. 2013-14-இல் அரசின் சுகாதாரச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் 1.15 விழுக்காடு. 2019-20-இல் 1.35. 2021-22-இல் 1.84. இந்தக் கடைசித் தாவலில் தடுப்பூசியும் கொரோனாச் செலவும் அடங்கியிருக்கின்றன என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் முன்னேற்றம் மெய்யானது. மக்கள் தம் கையிலிருந்து கொடுக்கும் காசு, நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்தது. 2021-22-இல் 39.4 ஆனது. அரசின் பங்கு 28.6-லிருந்து 48 ஆனது. இதை ஒப்புக்கொள்ளாமல் எழுதுவது நேர்மையாகாது.

ஆனால் 39.4 விழுக்காடு என்றால் என்ன? அந்த ஓராண்டில் மட்டும் இந்தியக் குடும்பங்கள் தம் பெட்டியிலிருந்தும் அடகுக் கடையிலிருந்தும் எடுத்துக் கொடுத்தது 3,56,254 கோடி ரூபாய். தலைக்கு 2,600 ரூபாய். மத்திய அரசும் மாநில அரசும் உள்ளாட்சியும் சேர்ந்து ஒருவருக்குச் செலவிட்டது ஆண்டுக்கு 3,169 ரூபாய், நாளொன்றுக்கு 9 ரூபாய்க்கும் குறைவு. 2017-18-இன் தேசிய மாதிரி ஆய்வு இன்னொரு கணக்கைத் தருகிறது: மகப்பேறு நீங்கலாக, அரசு மருத்துவமனையில் ஒருமுறை படுத்து எழுந்தால் ஆகும் சராசரிச் செலவு 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். இலவசம் என்ற இடத்திலேயே நாலாயிரத்துக்கு மேல் போகிறது. வெளியில் வாங்கச் சொன்ன மருந்து, வெளியில் எடுக்கச் சொன்ன ஸ்கேன் என்று போகிற காசு அதில் இருக்கிறது.

என் அம்மாவுக்குப் பிரஷரும் சுகரும் உண்டு. ஊருக்கு ஐந்து கிலோமீட்டரில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதம் ஒருமுறை மாத்திரை வாங்குகிறாள். மஞ்சப்பையில் ஒரு சின்ன நோட்டு. அதில் தேதி, ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, கொடுத்த மாத்திரை எத்தனை என்று செவிலியர் எழுதிக் கொடுப்பார். ஒரு பிப்ரவரியில் நானும் உடன் போயிருந்தேன். மருந்து கொடுக்கும் ஜன்னலில் மருந்தாளுநர் பத்து நாளுக்கு மட்டும் கிழித்துக் கொடுத்தார். “மீதிக்கு அடுத்த புதன்கிழமை வாங்கம்மா. இண்டெண்ட் போட்டிருக்கு, குடோன்ல இருந்து வந்துரும்” என்றார். கோபப்பட முடியாத குரல் அவருடையது. அம்மாவும் கோபப்படவில்லை. டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம்தான். ஆனால் அடுத்த புதனும் வந்தால் நூறுநாள் வேலையில் ஒருநாள் கூலி போகும். பேருந்து நிலையத்து மருந்துக்கடையில் இரண்டு அட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அந்த இரண்டு அட்டையும் தேசிய சுகாதாரக் கணக்கில் ‘கையிலிருந்து கொடுத்த காசு’ என்ற வரியில் எங்கோ சேர்ந்திருக்கும்.

அன்றிரவு அந்த நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். முப்பது, முப்பது, முப்பது என்று போய்க்கொண்டிருந்த எண்ணிக்கை, சில ஆண்டுகளில் தை, மாசி வாக்கில் பத்து, பதினைந்து என்று குறைந்திருந்தது. சித்திரை பிறந்ததும் மறுபடி முப்பது. ஒரே ஒரு நோயாளியின் நோட்டை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. ஆனால் நிதியாண்டு என்பது டெல்லியிலும் சென்னையிலும் மட்டும் இருப்பதல்ல, அம்மாவின் மஞ்சப்பைக்குள்ளும் இருக்கிறது என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

பணம் எப்படி வருகிறது? அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. செலவின் பெரும்பகுதி மாநிலங்களின் தலையில். வரி வருவாயின் பெரும்பகுதி மத்திய அரசின் கையில். இந்த இடைவெளியை நிரப்பத்தான் நிதிக்குழுப் பங்கீடும், மத்திய அரசுத் திட்டங்களும். அவற்றுள் பெரியது 2005 ஏப்ரலில் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம். பின்னாளில் நகரத்தையும் சேர்த்துத் தேசிய சுகாதார இயக்கம் ஆனது. இப்போது பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற விகிதம்.

தொடக்கத்தில் டெல்லியிலிருந்து பணம் நேராக மாநில சுகாதாரச் சங்கத்தின் வங்கிக் கணக்குக்குப் போனது. சட்டமன்றத்தின் கண்ணில் படாமல் மாநிலத்துக்குள் பணம் புழங்குவது சரியல்ல என்று, 2014-15 முதல் மாநிலக் கருவூலத்தின் வழியே திருப்பிவிட்டார்கள். கோட்பாட்டில் அது சரி. நடைமுறையில் பயணம் நீண்டது. டெல்லி தவணை விடுவிக்க, முந்தைய தவணைக்கான பயன்பாட்டுச் சான்று வேண்டும். கருவூலத்துக்கு வந்த பணத்தைச் சுகாதாரச் சங்கத்துக்கு மாற்ற மாநில நிதித்துறை ஒப்ப வேண்டும். மாநிலத்தின் 40-ஐயும் சேர்த்து ஆணை பிறப்பிக்க வேண்டும். பிறகு மாவட்டம், வட்டாரம், நிலையம். பொது நிதி, கொள்கைக்கான தேசிய நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மீதா சௌத்ரியும் ரஞ்சன் மொஹந்தியும் இந்தப் பாதையை ஆராய்ந்தார்கள். பீகாரில் பணத்தை விடுவிக்கும் ஒரு கோப்பு முப்பதுக்கும் மேற்பட்ட மேசைகளைக் கடக்க வேண்டியிருந்தது என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு மேசையிலும் இரண்டு நாள் என்றால்கூட இரண்டு மாதம். இதற்கு எவரும் லஞ்சம் வாங்க வேண்டியதில்லை, சோம்பி இருக்க வேண்டியதில்லை. எல்லோரும் தம் வேலையை ஒழுங்காகச் செய்தாலே இவ்வளவு தாமதம் ஆகும்.

கிராம அளவில் இது எப்படி வந்து இறங்குகிறது என்பதை நிலையங்களில் வேலை பார்ப்பவர்களிடம் கேட்டால் தெரியும். துணை சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 25,000 ரூபாய், நிபந்தனை இல்லாத நிதியாக அந்த இயக்கம் கொடுத்தது. பல்பு மாற்ற, குழாய் சரிசெய்ய, அவசரத்துக்குப் பஞ்சு வாங்க. சின்னத் தொகைதான், ஆனால் கிராம சுகாதார செவிலியர் ஒருவர் மேலிடத்தைக் கேட்காமல் செலவழிக்கக் கூடிய ஒரே காசு. ஏப்ரலில் வந்தால் ஆண்டு முழுக்க உதவும். ஜனவரியில் வந்தால் மார்ச்சுக்குள் செலவழித்துச் சான்று கொடுத்தாக வேண்டும். அப்போது சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், நாற்காலி வாங்குவார்கள். வேண்டாத செலவல்ல, ஆனால் ஜூனில் ஓடாத குளிர்பதனப் பெட்டிக்கு அந்தக் காசு கிடைத்திருக்காது.

மத்திய அரசின் நிதி விதியே கடைசிக் காலாண்டில் 33 விழுக்காட்டுக்கு மேலும், மார்ச்சில் 15 விழுக்காட்டுக்கு மேலும் செலவழிக்கக் கூடாது என்கிறது. மார்ச் 31 மாலைக்குள் செலவாகாத பணம் திரும்பிப் போகும். அலுவலக மொழியில் அதற்குப் பெயர் ‘சரண்டர்’. இந்தப் பயத்தில்தான் ஆண்டின் கடைசி வாரங்களில் கருவூலங்களில் பில்கள் குவிகின்றன.

ஒதுக்கீட்டுக்கும் செலவுக்கும் நடுவே இன்னொரு சறுக்கலும் உண்டு. 2023-24-க்கு மத்திய சுகாதார அமைச்சகத்தின் ஒதுக்கீடு 89,155 கோடி. ஓராண்டு கழித்துத் திருத்திய மதிப்பீட்டில் அது 80,518 கோடி. எட்டாயிரத்து அறுநூறு கோடிக்கு மேல் குறைந்தது. அறிவிப்புக்குக் கிடைத்த தலைப்புச் செய்தி குறைப்புக்குக் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டின் புதிய ஒதுக்கீட்டை, குறைக்கப்பட்ட இந்தத் தொகையோடு ஒப்பிட்டு, உயர்வு என்று மறுபடி எழுதினார்கள்.

2024-இல் பீகார் பற்றி வந்த தலைமைக் கணக்குத் தணிக்கையரின் (சிஏஜி) அறிக்கையை நான் இரண்டு முறை படித்தேன். 2016-17 முதல் 2021-22 வரை அந்த மாநில சுகாதாரத் துறைக்குச் சட்டமன்றம் ஒதுக்கிய தொகை 69,790 கோடி ரூபாய். செலவானது 48,047 கோடி, அதாவது 69 விழுக்காடு. 21,743 கோடி ரூபாய் செலவாகவே இல்லை. இந்தியாவில் மிக ஏழ்மையான மாநிலங்களில் ஒன்று. அந்த ஆறு ஆண்டுகளுக்குள்தான் கொரோனாவும் வந்தது. அதே அறிக்கை, துறையின் பணியிடங்களில் 49 விழுக்காடு காலி என்றும் சொல்கிறது.

இந்த இடத்தில் நிதித்துறையினர் ஒரு வாதம் வைப்பார்கள்: “கொடுத்ததையே செலவழிக்கத் தெரியவில்லை, மேலும் கொடுத்து என்ன பயன்?” கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த வாதத்தை நான் முழுமூச்சாக மறுக்கிறேன். பணத்தைச் செலவழிப்பதற்கும் ஆள் வேண்டும். கொள்முதல் செய்ய ஓர் அலுவலர், கணக்கெழுத ஒரு கணக்காளர், மருந்தைப் பெற்றுக்கொள்ள ஒரு மருந்தாளுநர், கட்டடத்தை மேற்பார்க்க ஒரு பொறியாளர். பாதி இடம் காலியாக இருக்கிற துறை பாதிப் பணத்தைத் திருப்பித்தான் கொடுக்கும். காலி இடத்தின் சம்பளமே ‘செலவாகாத நிதி’ என்று கணக்கில் ஏறும். அடுத்த ஆண்டு மதிப்பீடு போடும்போது, போன ஆண்டின் செலவை அடிப்படையாக வைப்பார்கள். தொகை குறையும். குறைந்த தொகையில் புதிதாக ஆள் எடுக்க எவருக்கும் துணிவு வராது. செலவழிக்க இயலாமை என்பது, பல ஆண்டுகள் பணம் கொடுக்காததால் வந்த நோய். அதையே பணம் கொடுக்காமல் இருக்கக் காரணமாகக் காட்டுவது, பட்டினி கிடந்தவனுக்குச் செரிக்கவில்லை என்று சோற்றை நிறுத்துவது போன்றது.

தாய்லாந்து இந்தச் சுழலை வேறு வழியில் அறுத்தது. 2001-இல் சில மாகாணங்களில் தொடங்கி, 2002-இல் நாடு முழுவதும் விரித்த ‘30 பாட்’ திட்டத்தில், ஆண்டு நிதியைப் போன ஆண்டின் செலவை வைத்துக் கணக்கிடவில்லை. பதிவு செய்த ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று ஒரு தொகையை முடிவு செய்து, மக்கள்தொகையால் பெருக்கினார்கள். பேரம் அந்தத் தலைக்கணக்குத் தொகை மீது நடந்தது. மாவட்ட மருத்துவமனைக்கு அடுத்த ஆண்டு எவ்வளவு வரும் என்பது முன்கூட்டியே தெரிந்தது. இன்று அந்நாட்டில் மக்கள் கையிலிருந்து போகும் காசு மொத்தச் செலவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான்.

நம்மிடமும் அப்படி ஓர் ஏற்பாடு இருக்கிறது. வெளிமாநிலங்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நாம்தான் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 ஜூலையில் அரசு நிறுவனமாகப் பதிவானது. மருந்தை மாநிலம் முழுமைக்கும் ஓர் இடத்தில் ஒப்பந்தப்புள்ளி கோரி, மொத்தமாக, பொதுப்பெயரில் வாங்குவது அதன் வேலை. பலர் இதன் சிறப்பாக விலைக்குறைவைச் சொல்வார்கள். அது உண்மை. ஆனால் என்னைக் கவர்வது ஒரு சாதாரணக் கணக்குப் புத்தகம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக். அதில் அந்த ஆண்டுக்கு அந்த நிலையத்துக்குரிய மருந்துத் தொகை வரவாக எழுதப்பட்டிருக்கும். மருந்தாளுநர் தம் நிலையத்தின் தேவையைப் பார்த்து இண்டெண்ட் எனும் தேவைப் பட்டியல் போட்டு, மாவட்டக் கிடங்குக்கு பாஸ்புக்கோடு போவார். எடுத்த மருந்தின் மதிப்பைக் கழித்து, மீதி எவ்வளவு என்று கிடங்கில் பதிந்து தருவார்கள். பணம் கைமாறுவதே இல்லை. முப்பது மேசை இல்லை. மலைக்காட்டு நிலையத்துக்குப் பாம்புக்கடி மருந்து வேண்டுமா, கடற்கரை நிலையத்துக்கு வேறொன்று வேண்டுமா என்பதைச் சென்னையில் யாரும் முடிவு செய்வதில்லை. ஜன்னலில் நிற்கிறவர் முடிவு செய்கிறார்.

கிடங்குக்குள் நடப்பதும் கவனிக்கத் தக்கது. வந்திறங்கிய மருந்து உடனே வெளியே போகாது. தனியே அடுக்கி வைத்து, மாதிரி எடுத்து, தயாரித்த நிறுவனத்தின் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தரம் சரி என்று வந்த பிறகே அந்தத் தொகுதி விநியோகத்துக்குப் போகும். இவ்வளவு அளவில், இவ்வளவு ஒழுங்காக வாங்குகிற ஒருவரை நம்பித்தான் கம்பெனிகள் குறைந்த விலைக்கு இறங்கி வருகின்றன. இங்கேயும் அடிப்படை, நேரத்துக்குப் பணம்தான். அட்டையின் முதுகில் தமிழ்நாடு அரசின் பெயரும், விற்பனைக்கு அல்ல என்ற வாசகமும் அச்சாகியிருக்கும். அம்மாவின் மாத்திரை டப்பாவில் கிடக்கிற அட்டைகள் அவைதான். கேரளம் 2007-இல் இதே வகையில் தன் கழகத்தை அமைத்தது. ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2 அன்று இலவச மருந்துத் திட்டத்தை இதே அடிப்படையில் தொடங்கியது.

இது வானத்திலிருந்து குதித்ததல்ல. 1939-இன் மதராஸ் பொது சுகாதாரச் சட்டம், நகராட்சிகள் அரசு மானியம் நீங்கலான தம் வருமானத்தில் குறைந்தது 30 விழுக்காட்டையும், மாவட்ட வாரியங்கள் 12.5 விழுக்காட்டையும் பொது சுகாதாரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. தண்ணீர், சாக்கடை உட்பட. மேலிருந்து எப்போது வரும் என்று காத்திருக்காமல், ஊரில் வசூலாகும் வரியிலேயே உடல்நலத்தின் பங்கை எடுத்து வைத்துவிடும் ஏற்பாடு அது. சிகிச்சைக்கு ஓர் இயக்குநரகம், நோய்த்தடுப்புக்குத் தனியே ஓர் இயக்குநரகம் என்று பிரித்து வைத்து, பின்னதற்குத் தனி அலுவலர் வரிசையையும் தனி நிதியையும் காப்பாற்றி வந்த மாநிலம் இது. பல மாநிலங்களில் இரண்டும் ஒன்றாகி, தடுப்புப் பணத்தை ஆஸ்பத்திரி விழுங்கிவிட்டது.

அதற்காகத் தமிழ்நாட்டில் குறையே இல்லை என்று எழுத மாட்டேன். அம்மாவின் நோட்டில் உள்ள அந்தப் பத்துகள் தமிழ்நாட்டில் எழுதப்பட்டவைதான். பாஸ்புக்கில் வரவு வைக்கிற தொகை, நோயாளி எண்ணிக்கையோடு சேர்ந்து உயர வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், வீடுவீடாகப் போய்ச் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளைக் கண்டுபிடித்தது. மிக நல்ல காரியம். கண்டுபிடித்த ஒவ்வொருவரும் வாழ்நாள் முழுக்க மாதம் முப்பது மாத்திரைக்கு உரியவர். அந்தப் பெருக்கத்துக்கு ஏற்ப மருந்துத் தொகை உயராவிட்டால், ஆண்டின் கடைசி மாதங்களில் ஜன்னல் கிழிக்கும் அட்டை சுருங்கும். இன்னொன்று: கொரோனாக் காலத்தில் தற்காலிகமாக எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31 அன்று முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். கவச உடைக்குள் வியர்வை வழிய நின்றவர்கள் புத்தாண்டன்று தெருவில் நின்று போராடினார்கள். அவசரத்துக்கு வந்த பணம் அவசரம் தீர்ந்ததும் போய்விட்டது. தொகுப்பூதியத்தில் ஆண்டுக் கணக்கில் நிற்கிற செவிலியர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிரந்தரச் சம்பளத்துக்கு நிரந்தர வருவாய் வேண்டும். அது மாநிலத்தின் கையில் முழுதாக இல்லை.

இந்த வருவாய் விஷயத்தில் ஒரு வரியைக் குறிப்பிட வேண்டும். 2018 முதல் வருமான வரி மேல் 4 விழுக்காடு சுகாதார, கல்வி செஸ் என்ற தனி வரியை வசூலிக்கிறார்கள். செஸ் என்பதால் இது மாநிலங்களோடு பங்கிடும் தொகுப்பில் சேராது. 2021 மார்ச்சில் மத்திய அமைச்சரவை, இதில் சுகாதாரத்தின் பங்கைக் காலாவதியாகாத ஒரு தனி நிதியில் போட ஒப்புதல் தந்தது. மார்ச் 31 வந்தாலும் கரையாத நிதி என்பது நல்ல யோசனை. அந்த யோசனை டெல்லிக்கு மட்டும் ஏன்? மருத்துவமனையை நடத்துகிற மாநிலத்துக்கும், கட்டடத்தை வைத்திருக்கிற வட்டாரத்துக்கும் அது ஏன் கூடாது?

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2009 முதல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், பிறகு முதலமைச்சரின் விரிவான திட்டம். நாடு முழுவதற்கும் 2018 செப்டம்பர் 23 முதல் ஆயுஷ்மான் பாரத், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். இவற்றால் உயிர் பிழைத்த குடும்பங்களை எனக்கே தெரியும். அட்டை இல்லாவிட்டால் நிலத்தை விற்றிருப்பார்கள். ஆனால் இந்தப் பணம் நோயாளி படுக்கையில் விழுந்த பிறகுதான் கதவைத் திறக்கிறது. அம்மாவின் மாதாந்திர மாத்திரைக்கு அதில் இடமில்லை. அந்த மாத்திரை தவறிப் பக்கவாதம் வந்து விழுந்தால் இடமுண்டு. 2017-இன் கொள்கையும் பதினைந்தாவது நிதிக்குழுவும் சுகாதாரச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு ஆரம்ப நிலை மருத்துவத்துக்குப் போக வேண்டும் என்றது இதனால்தான். அந்த நிதிக்குழு 2021 முதல் 2026 வரை உள்ளாட்சிகள் வழியே 70,051 கோடி ரூபாயைச் சுகாதாரத்துக்கென்று ஒதுக்கியது. பேரூராட்சித் தலைவரும் வட்டார மருத்துவ அலுவலரும் உட்கார்ந்து திட்டமிட வேண்டிய பணம். 1939-இல் உள்ளாட்சியிடம் இருந்த பொறுப்பின் ஒரு துண்டு திரும்பி வந்திருக்கிறது. அதையும் பழைய பாதையிலேயே, பல மேசைகள் தாண்டி, தவணை தவணையாக விட்டால், அந்தப் பணமும் சுண்ணாம்பாகவே போகும்.

சுகாதாரச் செலவைப் பற்றிச் சட்டமன்றத்தில் கேள்வி கேட்கிற உறுப்பினர்கள் ஒதுக்கீடு எவ்வளவு என்று கேட்கிறார்கள். மாவட்டவாரியாக ஏப்ரலில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது, ஜூலையில் எவ்வளவு, அக்டோபரில் எவ்வளவு, எந்த நிலையத்தின் பாஸ்புக் எந்த மாதத்தில் தீர்ந்தது என்று கேட்கலாம். அந்தத் தகவல் கிடங்குக் கணினிகளில் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக எதையும் திரட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு நிலையத்தின் சுவரிலும் பணியாளர் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் அந்த மாதத்தின் மருந்து இருப்பையும் பாஸ்புக் மீதியையும் எழுதி வைக்கலாம். ஊரார் படிப்பார்கள். கிராமசபையில் கேட்பார்கள்.

பிப்ரவரியில் நானும் உடன் போன அந்த ஆண்டு, ஏப்ரல் இரண்டாவது வாரம் அம்மா மறுபடி போனாள். மாலையில் போனில் பேசும்போது கேட்டேன். “முப்பதும் குடுத்துட்டாங்கப்பா. அந்தத் தம்பி, ‘இனிமே பிரச்சனை இல்லம்மா, புது வருஷத்துக்கு வந்துருச்சு’ன்னு சொல்லுச்சு” என்றாள். பிறகு, கடையில் வாங்கிய அட்டையில் மீந்துபோன நாலு மாத்திரையைத் தூக்கிப் போடாமல் டப்பாவில் தனியாக வைத்திருப்பதாகச் சொன்னாள். அடுத்த மாசிக்கு ஆகுமாம்.